ஈறு நோய்க்கு எந்தச் சிகிச்சை? முதலில் உங்கள் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்

பல்லில் படிந்த காரையை எடுக்கிற ஸ்கேலிங் மட்டும் போதுமா, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்கிற டீப் கிளீனிங் செய்தே ஆகவேண்டுமா, லேசர் நல்லதா, ஈறைத் திறந்து செய்கிற ஃபிளாப் சர்ஜரி என்கிறார்களே அதிலிருந்து தப்பிக்க வழி உண்டா? ஈறில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தேட ஆரம்பிக்கிறவர்கள் இந்த நாலையும் வரிசையாக வைத்து, எது பெஸ்ட் என்றுதான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் சில வாரங்களைத் தொலைத்தேன். இவை ஒன்றுக்கொன்று போட்டியான சிகிச்சைகள் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒன்றைச் செய்து, அதன் பலனை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகிற படிகள் இவை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது தெரியாமல் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நான் டாக்டர் இல்லை, இந்தச் சிகிச்சைகளில் பாதியை வாயில் வாங்கிக்கொண்ட நோயாளி. டாக்டரிடம் போவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றைத்தான் எழுதுகிறேன்.

அளவெடுக்காமல் பேச்சே வேண்டாம்

முதலில் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னார்கள், கண்ணாடியை வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள், "லேசர் பண்ணிடலாம், வலியே இருக்காது" என்றார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே செய்துகொள்ளாமல் வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு மெல்லிய, மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார்கள். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தார். மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, நாலு. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது நமக்கும் அந்தக் கணக்கு பிடிபட்டுவிடுகிறது. கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் "அஞ்சு, ஏழு, ரத்தம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்த நாளில்தான் சிகிச்சையே ஆரம்பித்தது என்பேன்.

பல்லைச் சுற்றி ஈறு ஒரு காலர் போல இருக்கிறது. அந்தக் காலருக்கும் பல்லுக்கும் நடுவே எல்லோருக்குமே ஒரு சிறு பள்ளம் உண்டு. அது 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம், அளக்கும்போது ரத்தமும் இல்லை என்றால் கவலை இல்லை. 4 என்றால் கவனிக்க வேண்டும். 5-க்கு மேல் போனால் பிரஷ்ஷும், பல்லிடுக்கில் விடுகிற நூலான ஃபிளாஸும் அடிவரை எட்டாது. 6, 7 என்றால் பெரும்பாலும் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆழமான இந்தப் பள்ளத்தைத்தான் டாக்டர்கள் பாக்கெட் என்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள், 28 பல் என்றால் 168 எண்கள். அந்தத் தாளை, அல்லது திரையை, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஈறே கீழே இறங்கிப்போய்விட்டால் பாக்கெட் 3 என்றுதான் காட்டும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், அந்த இடத்தில் மொத்த இழப்பு 7. அதனால் பாக்கெட் ஆழம், ஈறு இறக்கம், ரத்தம் வருகிற இடங்கள், பல் ஆடுகிறதா என்ற நாலும் குறிக்கப்பட வேண்டும். எலும்பு எந்த அளவு, எந்த வடிவத்தில் போயிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். அந்த வடிவம் ஏன் முக்கியம் என்பது சர்ஜரி பற்றிப் பேசும்போது வரும்.

இன்னொன்று, புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருந்தாலும். "எனக்கு ரத்தமே வருவதில்லை" என்பதை அவர்கள் நற்செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈறு வீக்கமா, எலும்பு வரை போனதா

இந்த ஒரு கோடுதான் எல்லாவற்றையும் பிரிக்கிறது. ஈறு மட்டும் சிவந்து வீங்கி ரத்தம் வந்தால் அது ஜிஞ்ஜிவைட்டிஸ். அதை முழுசாகச் சரிசெய்துவிடலாம். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் குழுவும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் சுத்தம் செய்வதையே நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை.

எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் அது பெரியோடான்டைட்டிஸ். போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். இங்கே சிகிச்சையின் நோக்கம் நோயை நிறுத்துவது, இருப்பதைக் காப்பாற்றுவது. "பழையபடி ஆக்கிவிடுகிறோம்" என்று யாராவது மொத்தமாக வாக்குக் கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். இப்போது டாக்டர்கள் இதை 1 முதல் 4 வரை நிலைகளாகவும், எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்பதற்கு ஏ, பி, சி என்று தரமாகவும் பிரிக்கிறார்கள். 2018-இல் வெளியான வகைப்பாடு இது. "நான் எந்த ஸ்டேஜ், எந்த கிரேடு?" என்று நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் நான் சர்ஜரி செய்துகொள்ள மாட்டேன்.

முதல் படி: ஸ்கேலிங், கூடவே நம் கை

பல்லில் படிகிற வழவழப்பான படலத்தை விட்டுவைத்தால் எச்சிலிலுள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். அதுதான் காரை. காரையாகிவிட்டால் எந்தப் பேஸ்ட்டாலும் போகாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்கேலிங் அவ்வளவுதான். பெரும்பாலும் மரப்பு ஊசி தேவைப்படாது, ஒரே நாளில் முடியும்.

ஸ்கேலிங் செய்தால் பல் தேயும், ஆடும், இடைவெளி வரும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நாக்கு தானாகக் கீழ் முன்பல்லின் பின்பக்கம் போகிறது. நேற்றுவரை சுவர் போல வழுவழுவென்று இருந்த இடத்தில் இப்போது பல்லுக்குப் பல் சந்து. அங்கே இருந்தது பல் இல்லை, காரை. அது போனதும், வீங்கிய ஈறும் வற்றியதும், ஏற்கெனவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. ஆடுகிற பல்லைக் காரை முட்டுக்கொடுத்துத் தாங்கியிருந்தால், எடுத்த பின் ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியவும் செய்யும். சில வாரம் ஜில்லென்று கூச்சம் இருக்கும். கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும்.

இதோடு சேர்ந்தது வீட்டு வேலை. இதை விட்டுவிட்டு மேலே உள்ள எந்தப் படிக்குப் போனாலும் காசுக்குக் கேடு. மென்மையான பிரஷ், ஈறின் ஓரத்தைப் பார்த்து 45 டிகிரி சாய்வு, சின்னச் சின்ன அசைவு, 2 நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. எலக்ட்ரிக் பிரஷ் கொஞ்சம் கூடுதல் பலன் தரும், கட்டாயம் இல்லை. ஆனால் பல்லிடுக்குக்கு எந்தப் பிரஷ்ஷும் போகாது. பல் நெருக்கமாக இருந்தால் ஃபிளாஸ். ஈறு இறங்கிச் சந்து விழுந்திருந்தால் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி போல ஒன்று கிடைக்கிறதே, இன்டர்டென்டல் பிரஷ், அதுதான் ஃபிளாஸை விட நன்றாக வேலை செய்யும். எல்லாச் சந்துக்கும் ஒரே சைஸ் சேராது. எனக்கே இரண்டு சைஸ் வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் உங்கள் சந்துகளில் விட்டுப் பார்த்து சைஸ் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும், பயந்து நிறுத்தாதீர்கள். தொடர்ந்து செய்தால் ரத்தம் தானாகக் குறையும்.

ஜிஞ்ஜிவைட்டிஸ் என்றால் உங்கள் பயணம் பெரும்பாலும் இங்கேயே முடிந்தது.

இரண்டாம் படி: டீப் கிளீனிங்

பாக்கெட் 4-க்கு மேல், எலும்பு இழப்பும் உண்டு என்றால் ஈறுக்கு அடியில், வேர் மேல் ஒட்டியிருக்கிற காரையை எடுக்க வேண்டும். ஸ்கேலிங் அண்ட் ரூட் பிளானிங் என்று பில்லில் போட்டிருப்பார்கள். மரப்பு ஊசி போட்டுச் செய்வார்கள். செய்யும்போது வலி இல்லை, சுரண்டுகிற சத்தம்தான் மண்டைக்குள் கேட்கும். ஊசியின் மரப்பு விட்டதும் இரண்டு மூன்று நாள் வலி. ஈறு வீக்கம் வற்றுவதால் பல் நீண்டுவிட்ட மாதிரி தெரியும், கூச்சமும் சில வாரம் இருக்கும்.

அதிர்வுக் கருவியால் செய்தால் நல்லதா, கையால் சுரண்டினால் நல்லதா? இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றுதான், பல டாக்டர்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். ஒரே நாளில் முழு வாயா, நாலு தடவையாகப் பிரித்தா? அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் வசதி, உடம்பு தாங்குகிற அளவு.

பலன் எப்படி? ஒழுங்காகச் செய்தால், வீட்டு வேலையும் நடந்தால், சில மாதத்தில் பாக்கெட் ஆழம் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் குறையும். பாக்கெட்டுகளில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 5 என்பது பல நேரம் 3 ஆகிவிடும். 8 என்பது அப்படி ஆகாது, அதிலும் வேர்கள் பிரிகிற இடத்தில் நோய் புகுந்த கடைவாய்ப் பல்லில் பலன் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படியே போதும் என்பதுதான் சர்ஜரிக்குப் பயந்துகொண்டிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

நடுவில் வருகிற கூடுதல் ஐட்டங்கள்

டீப் கிளீனிங்கோடு சேர்த்து நாலைந்து விஷயங்களை நீட்டுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது உண்மையில் இங்கேதான்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்: குறுகிய காலத்துக்கு நல்லது, இரண்டு மூன்று வாரம். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். பிரஷ் செய்த உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், அரை மணி இடைவெளி விடுங்கள். பாக்கெட்டின் அடிக்கு அது போகாது, ஆகவே டீப் கிளீனிங்குக்குப் பதிலாக இதைக் கொப்பளித்துக்கொண்டிருந்தால் நோய் பாட்டுக்கு உள்ளே நடக்கும்.

பாக்கெட்டுக்குள் வைக்கிற ஜெல், சிப்: மினோசைக்ளின், டாக்சிசைக்ளின், குளோர்ஹெக்சிடின் என்று வகை உண்டு. கூடுதல் பலன் உண்டு, ஆனால் சிறியது. பிடிவாதமாக நிற்கிற ஒன்றிரண்டு பாக்கெட்டுக்கு யோசிக்கலாம், வாய் முழுக்க வைக்க வேண்டியதில்லை.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை: இதுதான் அதிகம் தவறாகப் பயன்படுவது. பாக்டீரியா படலமாக ஒட்டியிருக்கும்போது மாத்திரை மட்டும் போட்டால் வீக்கம் ஒரு வாரம் வற்றும், அப்புறம் திரும்ப வரும். சுத்தம் செய்வதோடு சேர்த்து, இளவயதிலேயே வேகமாக முற்றுகிற சிலருக்கு மட்டும் டாக்டர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் மது கூடாது. வார்ஃபரின் என்ற ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்தம் உறைவது மேலும் குறைந்துவிடும்.

லேசர்: விளம்பரம் அதிகம், ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. 2020-இல் வந்த ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பின் வழிகாட்டி, டீப் கிளீனிங்குடன் துணைக்கு லேசர் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. லேசர் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. காரையை நன்றாக எடுத்துவிட்ட பிறகு அது கூடுதலாக எதைத் தருகிறது, அதற்கு ஏன் இவ்வளவு கூடுதல் பணம் என்று கேளுங்கள். எனக்கு அந்த முதல் இடத்தில் அளவே எடுக்காமல் லேசர் சொன்னார்கள் என்பதை மறக்க முடியவில்லை, ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

மூன்று மாதம் பொறுங்கள்

டீப் கிளீனிங் முடிந்து சுமார் 3 மாதம் கழித்து அதே கம்பியால் அதே இடங்களைத் திரும்ப அளப்பார்கள். திசு ஆறிப் பிடிக்க அந்த அவகாசம் வேண்டும், முதல் சில வாரத்தில் குத்தி அளந்தால் ஆறிக்கொண்டிருப்பதைக் கிழிப்பதுதான் மிச்சம். 4-க்கு மேல் ரத்தத்தோடு எந்தப் பாக்கெட்டும் இல்லை, 6-ம் அதற்கு மேலும் எங்கேயும் இல்லை என்றால் பராமரிப்புக்குப் போய்விடலாம். 4, 5-இல் நிற்பவற்றைத் திரும்ப ஒருமுறை சுத்தம் செய்வார்கள். 6-லும் அதற்கு மேலும் நிற்பவைதான் சர்ஜரி பற்றிப் பேச வேண்டிய இடங்கள். முழு வாய்க்கும் இல்லை, அந்த இடங்களுக்கு. இந்த மறு அளவுக்கு முன்னாலேயே சர்ஜரி தேதி குறித்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்ஜரி என்றால் எந்த சர்ஜரி

ஃபிளாப் சர்ஜரியில் ஈறை மெல்லத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்தபடி சுத்தம் செய்து, திரும்ப வைத்துத் தைப்பார்கள். மரப்பு ஊசி போதும். ஒன்றிரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். பாக்கெட் குறையும், பதிலுக்கு ஈறு கொஞ்சம் இறங்கும். முன்பல்லில் செய்வதானால் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள், சிரிக்கும்போது தெரிகிற இடம்.

எலும்புத் தூள் வைப்பது, சவ்வு வைப்பது, எனாமல் புரத ஜெல் தடவுவது எல்லாம் எலும்பை வளர்க்கிற முயற்சிகள். இங்கேதான் எக்ஸ்ரேயில் பார்த்த வடிவம் வேலைக்கு வருகிறது. ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் கிணறு மாதிரி செங்குத்தாக, 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எலும்பு போயிருந்தால் நிரப்ப வாய்ப்பு உண்டு, கிணற்றுக்குச் சுவர் இருப்பதால் வைத்தது நிற்கும். வரிசை முழுக்க ஏரி வற்றின மாதிரி சமமாக எலும்பு இறங்கியிருந்தால் வைப்பதற்கே இடமில்லை, தூள் வைத்துப் பிரயோசனம் இல்லை. "என்னுடையது செங்குத்தா, கிடைமட்டமா?" என்று இந்த ஒரு கேள்வி கேட்டாலே பேச்சு நேர்வழிக்கு வந்துவிடும்.

ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்தை மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து மூடுகிற கிராஃப்ட் தனி விஷயம். அது பாக்கெட்டுக்கான சிகிச்சை இல்லை, நோய் அடங்கின பிறகுதான் யோசிக்க வேண்டும். சில வலிப்பு மாத்திரை, சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஈறே தடித்து வளரும். அதை வெட்டுவதற்கு முன் மாத்திரையை மாற்ற முடியுமா என்று அந்த மாத்திரை எழுதியவரிடம் கேட்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

"பேசாமல் எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துவிடலாமே" என்பதும் காதில் விழும், எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல் அது. ஆடுகிற பல் எல்லாமே எடுக்க வேண்டிய பல் இல்லை. வீக்கம் அடங்கினதும் ஆட்டம் குறைவது உண்டு, பக்கத்துப் பல்லோடு கட்டியும் வைக்கலாம். இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே மாதிரி எலும்பு கரையும், ஈறு நோய் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். மேலும் கீழுமாகவே அமுங்கி ஆடுகிற பல், வேர் நுனி வரை எலும்பு போன பல் என்றால் வேறு வழியில்லை, எடுப்பதுதான்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு எளிதில் ஆறாது. ஈறில் நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் அடங்காது. நல்ல செய்தி, ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 7.5, 8 என்று சொல்வோமே அந்த எண், சுமார் 0.4 அளவுக்கு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள், அதை நிறுத்தாமல் சர்ஜரி செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. ரத்தம் நீர்க்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி மாத்திரை, செயற்கை இதய வால்வு இருந்தால் முதல் நாளே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஈறு எளிதில் வீங்கும். ஸ்கேலிங் செய்துகொள்ளலாம், நடு மூன்று மாதம் வசதியான காலம்.

திடீரென்று ஈறில் சீழ்க்கட்டி வந்தால் ஓரிரு நாளில் காட்டுங்கள். காய்ச்சல், முகம் அல்லது தாடை வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் பராமரிப்பு

நோய் அடங்கின பிறகும் 3 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும், எவ்வளவு அடிக்கடி என்பது உங்கள் ஆபத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் முழுசாக அளந்து, பழைய தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஊர் மாறினால், டாக்டர் மாறினால் பழைய அளவுத் தாளும் எக்ஸ்ரேயும் கூடவே வரட்டும், இல்லையென்றால் புதியவர் ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிப்பார்.

என்னுடைய அந்த 7, டீப் கிளீனிங்குக்குப் பிறகு 5 ஆனது, ரத்தமும் இருந்தது. திரும்ப ஒருமுறை உள்ளே சுத்தம் செய்தார்கள், பெரிய சைஸ் குட்டி பிரஷ்ஷுக்கு மாறச் சொன்னார்கள். போன முறை அளந்தபோது 4, ரத்தம் இல்லை. சர்ஜரிப் பேச்சு இப்போதைக்கு இல்லை. அடுத்த அளவு நாலு மாதம் கழித்து.